ஏழாம் எண் துப்பாக்கியின் ஆரஞ்சு வார்

வெர்லின் கிராடிக்குத் துப்பாக்கி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. இதைச் சொன்னால் கால்டர் கவுண்டியில் யாரும் நம்ப மாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக ஷெரீப் அலுவலகத்தின் துப்பாக்கிகள் அத்தனையும் அவர் கைபட்டுத்தான் வெளியே போயின. ஆனாலும் உண்மை அதுதான். அவருக்குப் பிடித்தது திருகாணி. இறுக்க வேண்டிய அளவுக்கு இறுக்கி, அதற்கு மேல் ஒரு நூல்கூட இறுக்காமல் விட்ட திருகாணியைப் பார்த்தால் அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் டிராக்டர் கடையில் மெக்கானிக். கடையை மூடியபோது வயசு நாற்பத்தைந்து. அப்போதைய ஷெரீப்புடைய வைக்கோல் கட்டும் இயந்திரத்தை மழைக்கு முந்தின நாள் சரிபண்ணிக் கொடுத்தவர் என்ற ஒரே தகுதியில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவரிடம் எப்படியிருந்தது என்று மனைவி ஓலீட்டா கேட்டாள்.

“வைக்கோல் மெஷின்ல அசையற உருப்படி நூத்துக்கு மேல இருக்கு. இதுல இருபதுகூட இல்ல. இதுக்கு அஞ்சு நாள் பாடம் எடுக்கறானுங்க, நடுவுல ரெண்டு தடவ டீ வேற” என்றார்.

நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், பழைய கோப்புகள் வைத்திருந்த அறைதான் அவருக்கு வாய்த்தது. ஜன்னல் கிடையாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுக்க உர்ரென்று இருக்கும். வாசலில் பாதியாக வெட்டிய கதவு, அதன் மேல் ஒரு பலகை. காவலர்கள் துப்பாக்கியை அந்தப் பலகையில் வைத்துவிட்டு அங்கேயே நின்று வம்பளப்பார்கள். உள்ளே வர யாருக்கும் அனுமதி இல்லை, ஷெரீப் உட்பட. இதை வெர்லின் எழுதி மாட்டவில்லை, முறைத்தே நிலைநாட்டினார்.

அவர் கை வேலைக்கு ஓர் அடையாளம் உண்டு. எந்தத் திருகாணியை முடுக்கினாலும், தளராமலிருக்க நீலப் பசை ஒரு துளி வைப்பார். காய்ந்ததும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து, திருகாணியின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். பிறகு யாராவது அந்தத் திருகாணியை அரை மயிரிழை திருப்பினாலும் கோடு உடைந்துவிடும். திரும்ப ஒட்டாது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது, ஆனால் வெர்லின் பைத்தியக்காரத்தனமாகச் செய்வார். தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறார் என்று காவலர்கள் சிரிப்பார்கள். அது பொய்யில்லை.

அந்தக் கூட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் ஒட்டுதல் இருந்தது டாசன் ரிக்ஸ் என்பவனிடம்தான். முப்பத்தொரு வயசு, அகலமான தோள், வாயில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். முதன்முதலாக ஷாட்கன்களில் லைட் மாட்டிக் கொடுத்த வாரத்தில், வண்டி சீட்டுக்கு அடியில் விழுந்த பிஸ்கட்டை அந்தத் துப்பாக்கி லைட்டை அடித்துத் தேடியிருக்கிறான். கூட வந்தவன் கோள் சொல்லிவிட்டான்.

“டாசன், அந்த லைட் பாக்கறதுக்கு இல்லடா. சுடலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு. லைட் எங்க போகுதோ அங்கதான் துப்பாக்கிக் குழாயும் போகுது, அது மண்டைல ஏறுதா?”

“ஏறுது வெர்லின்.”

“அப்ப அந்த பிஸ்கட்ட சுட வேண்டியதா போச்சா?”

“அது சரணடஞ்சிடுச்சு. ஆனா முடியெல்லாம் ஒட்டியிருந்துது. அப்படியும் தின்னுட்டேன்.”

தண்டனையாக அவனை ஒரு ஆப்பிள் பை வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தவன் பாதியைத் தானே நின்றபடி தின்றுவிட்டுப் போனான். அதிலிருந்து அவனுடைய துப்பாக்கி வந்தால் வெர்லின் வாய்க்குள் ஏதோ பாட்டு முனகுவார்.

இப்போது துப்பாக்கிக் கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் இரண்டு ஷாட்கன்கள், முன் சீட்டுகளுக்கு நடுவில் குழாய் மேல்நோக்கி நிற்கும். ஒன்றில் நிஜக் குண்டு, கரடியைக்கூடச் சாய்க்கும். இன்னொன்றில் பை ரவை, அதாவது சின்னத் துணிப்பைக்குள் ஈயமணி அடைத்தது. புத்தி கலங்கியவனோ குடித்தவனோ கத்தியோடு நின்றால், அவனைக் கொல்லாமல் கீழே விழ வைப்பதற்கு. துப்பாக்கி இரண்டும் ஒரே மாதிரி என்பதால், பை ரவை போடுவதன் பின்கட்டையும் முன்பிடியும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

அந்தக் கோடையில் மாநில அரசின் உதவியில் புதுச் சாமான்கள் வந்தன. முன்பிடிக்குள்ளேயே லைட் பொருத்தியிருக்கும், பின்கட்டையில் வார் மாட்ட இடம் இருக்கும். பழைய லைட்டெல்லாம் வெளியே ஒட்டுப் போட்ட மாதிரி துருத்திக்கொண்டிருந்தவை. இது அழகான வேலை, வெர்லினே மெச்சினார். ஒரே ஒரு குறை, பெட்டியில் வந்தது எல்லாம் கறுப்பு. ஆரஞ்சு நிறம் வர இன்னும் எட்டு வாரமாகும் என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள்.

வெர்லின் மாடிப்படி ஏறி ஷெரீப்பைப் பார்க்கப் போனார். அவர் மாடிக்குப் போவது வருஷத்துக்கு இரண்டு தடவைதான்.

“எட்டு வாரம் பொறுத்து மாட்டலாம். ரெண்டும் கறுப்பா இருந்தா எவனாச்சும் மாத்தி எடுத்துடுவான்.”

“மாட்டி படம் புடிச்சு இந்த மாசக் கடைசிக்குள்ள அரசாங்கத்துக்கு அனுப்பணும் வெர்லின். இல்லன்னா அடுத்த தடவ நமக்கு ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. ஏதாச்சும் அடையாளம் வெச்சுடேன். நீ வெக்காத அடையாளமா?”

வெர்லின் யோசித்தார். வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறத்தில் தோள்வார் கிடைக்கும். பை ரவைத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு வார், மற்றதற்குக் கறுப்பு வார். எடுக்கிறவன் கண்ணில் முதலில் படுவது வார்தான், தோளில் மாட்டினாலும் மாரின் குறுக்கே பளிச்சென்று தெரியும். அவருக்கே அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. கழற்றி மாற்றாமலிருக்க, கொக்கிக்குப் பதிலாகத் திருகாணி போட்டு முடுக்கினார், பசை வைத்தார், கோடு இழுத்தார்.

அப்படியும் இரண்டு பேர் மாற்றினார்கள். ஆரஞ்சு வாரில் தோள்மெத்தை கொஞ்சம் அகலம், சுகமாக இருக்குமாம். வீட்டில் வைத்து ஸ்க்ரூடிரைவரால் கழற்றி நிஜக் குண்டுத் துப்பாக்கிக்கு மாட்டிக்கொண்டார்கள். கோடு உடைந்திருந்ததைக் கண்டதுமே வெர்லின் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு அந்த அரைக்கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் போட்ட சத்தம் மேலே நீதிபதிக்கே கேட்டது. ஷெரீப் இரண்டு பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அதில் டாசன் இல்லை.

அக்டோபர் முதல் வாரம் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்யும் முறை வந்தது. பன்னிரண்டு வண்டி, இருபத்து நாலு துப்பாக்கி, இரண்டு நாள். குண்டை எடுத்து, வாரைக் கழற்றி, பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, லைட்டுக்குப் புது பேட்டரி மாற்றி, அடிப்பக்கம் கொத்தியிருக்கும் எண்ணைப் பார்த்து அதற்குரிய ரவையை நிரப்பி, கடைசியாக வாரை மாட்டுவார். ஏழும் எட்டும் டாசனுடைய வண்டி. ஏழு நிஜக் குண்டு, எட்டு பை ரவை. அன்று விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. போன் வரவில்லை, யாரும் வந்து பேச்சுக் கொடுக்கவில்லை, அவருக்குத் தலைவலிகூட இல்லை. ஏதாவது நடந்திருந்தால் பிற்பாடு அதன் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

பதினொரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, லவோன் ஃபென் என்ற பெண்மணி அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். தம்பி ஆரின் களஞ்சியத்துக்குள் கைக்கோடரியோடு நின்றுகொண்டு தடுப்புப் பலகைகளைக் கொத்துகிறான், மாத்திரையை நிறுத்தி ஒரு மாசமாகிறது, யாரையும் கிட்டே விடமாட்டேன் என்கிறான், பேசத் தெரிந்தவர்களாக அனுப்புங்கள் என்றாள். டாசனும் இன்னொரு காவலரும் போனார்கள். வெளியே வெயில், உள்ளே இருட்டு. மற்றவர் வாசலில் நின்று இருபது நிமிஷம் பேச்சுக் கொடுத்தார். டாசன் ஆரஞ்சு வார் துப்பாக்கியை எடுத்து வந்து லைட்டைப் போட்டான். ஆரின் கோடரியோடு மூன்று எட்டு முன்னால் வந்தான். நிஜச் சூடு என்று கூட இருப்பவர் பதறிவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே கத்த வேண்டும் என்று பயிற்சி. டாசன் கத்தினான்.

“பை ரவை! பை ரவை!”

கத்திவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி தொப்புளுக்குக் கீழே பார்த்துச் சுட்டான். ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் வருவதற்குள் ஆரின் இறந்துபோனான். வயசு நாற்பத்து நாலு.

ஆரஞ்சு வார் போட்டிருந்தது ஏழாம் எண். இது அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அது எப்படி அங்கே வந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகமிருக்கவில்லை. சுத்தம் செய்த கணக்குக்கு வெர்லின் வைத்திருந்த அட்டையில் ஏழு கறுப்பு, எட்டு ஆரஞ்சு என்று எழுதிக் கையெழுத்தும் இருந்தது. அகல மெத்தைக்கு ஆசைப்பட்டு இரண்டு பேர் ஏற்கெனவே மாற்றியவர்கள். டாசன் மூன்றாவது ஆள், அவ்வளவுதான். அவனும் மறுக்கவில்லை.

“மாத்தின ஞாபகம் இல்ல. ஆனா நான் இல்லன்னா வேற யாரு? வண்டி என்னோடது” என்று சொன்னானாம்.

அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவார்கள். இந்தத் தடவை இரண்டு வீட்டுக்கும் போயிற்று, ஒரே சமையலறைகளிலிருந்து, ஒரே மாதிரி தட்டுகளில். ஓலீட்டாவும் கோழியும் நூடுல்ஸும் போட்டு இரண்டு தட்டு சுட்டு, ஒன்றை லவோன் வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை டாசனிடம் கொடுத்துவரச் சொல்லி வெர்லினிடம் நீட்டினாள். அவர் போய்க் கொடுத்தார். அவன் தட்டை வாங்கிக்கொண்டு, இன்னும் சூடாயிருக்கிறதே என்றான். அப்போது வெர்லினுக்கு அவன் மேல் கோபம்தான் இருந்தது. சொல்லிச் சொல்லி, கத்திக் கத்தி, கடைசியில் இவனும் மாற்றிவிட்டானே என்ற கோபம்.

சம்பவம் நடந்து நாலு வாரம் போனபின், மாநிலத் தலைநகரிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த கத்ரீனா மேஸ் என்ற அதிகாரி அவர் அறைக்கே வந்தாள். அரைக்கதவுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. பலகை மேல் படங்களைப் பரப்பினாள்.

“சும்மா ஒரு உறுதிக்குத்தான் சார். இந்த நம்பர் ஏழுதானே? கோப்புல ஒருத்தர் ஒண்ணுன்னு எழுதிட்டார்.”

வெர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஏழுதான். எண்ணுக்கு மேலே, இரண்டு விரற்கடை தள்ளி, ஆரஞ்சு வாரின் நுனி. அதைப் பிடித்திருக்கும் திருகாணி. திருகாணியின் தலையிலிருந்து பின்கட்டையின் இரும்பு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு, நேராக, எங்கும் முறியாமல், அவர் கை இழுத்தபடியே இருந்தது. அடுத்த படத்தில் முன்பக்கத் திருகாணி. அதிலும் கோடு முறியவில்லை.

அவர் மாட்டிய பிறகு அந்த வாரை ஒருவரும் தொடவில்லை.

“ஏழு. நிஜக் குண்டு போடறது” என்றார்.

“ரொம்ப நன்றி சார். இவ்வளவுதான்” என்று படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் படியேறிப் போய்விட்டாள்.

அவள் காலடிச் சத்தம் மறைகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார். பிறகு மணியைப் பார்த்தார். பன்னிரண்டே கால். பொட்டலத்தைப் பிரித்து ஹாம் சாண்ட்விச்சைத் தின்றார், ஊறுகாய் வெள்ளரியையும் மிச்சம் வைக்கவில்லை. அழுகை வரவில்லை. எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் வரவில்லை. அவருக்கு நன்றாகப் பசித்தது, அது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளைப் பற்றி அவருக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை. பயந்தாரா என்றால், இல்லை. வேலை போகும், பென்ஷன் போகும் என்று கணக்குப் போட்டாரா என்றால், அதுவும் இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறபோது சொல்லவில்லை என்பது நினைவுக்கு வரும். பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுகிற மாதிரி அதைத் தொட்டுப் பார்ப்பார். வலிக்காது.

நடுவில் அந்த ஆரஞ்சுச் சாமான்கள் வந்து சேர்ந்தன, இரண்டு பெட்டி. எட்டு வாரம் என்றது பதினைந்து வாரமாகியிருந்தது. ஷெரீப் உடனே மாட்டச் சொன்னார். வெர்லின் மாட்டினார். பழைய முன்பிடியின் நெட்டைச் சாவி போட்டுக் கழற்றி, புதியதை நுழைத்து, லைட்டின் ஒயர் நசுங்காமல் ஓரமாக ஒதுக்கி, பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்து, சுவரில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பின்கட்டை மாற்றினார். வார் மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கத்து எண்ணை விரலால் தடவி, வாய்விட்டுப் படித்தார். பசை, கோடு. வேலை சுத்தமாக இருந்தது. பதினோராவது துப்பாக்கியோடு நிறுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் எட்டாம் எண் விசாரணைக்காரர்களிடம் இருந்தது. அதற்குரிய பின்கட்டையையும் முன்பிடியையும் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டாசன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது வெர்லின் திரும்பிப் பார்த்தார். அவன் பாடவில்லை, வலது கை விரல்களைத் தொடைமேல் வைத்து எதையோ மெல்லத் திருகுவது போல அசைத்துக்கொண்டிருந்தான். வெர்லின் முன்னால் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஓலீட்டா சோள ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

“டாசன் வெள்ளிக்கெழம போய் எழுதிக் கையெழுத்து போடறானாம். அவன் மாமியார் சொன்னா.”

“என்னன்னு?”

“தான்தான் வார மாத்தினேன்னு. வேலையும் விட்டுடறானாம். கேஸ் போட்டா போட்டுக்கட்டும்ங்கறானாம். புள்ளைக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல, பாவம்.”

வெர்லின் மென்றுகொண்டிருந்தார்.

“உனக்கு அவன புடிக்குமே, வெர்லின். ஒரு வார்த்தகூட சொல்ல மாட்டேங்கறியே. அஞ்சு வாரமா நீ மரம் மாதிரி இருக்க.”

“அவன் மாத்தல” என்றார்.

“அப்ப யாரு மாத்தினா?”

“யாரும் மாத்தல. நான் மாட்டினதே அப்படித்தான்.”

ஓலீட்டா கத்தியைக் கீழே வைத்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

“காலைல சர்ச் சட்டைய இஸ்திரி போட்டு வெக்கறேன்” என்றாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு, சாலைத்துறை கட்டடத்தில் விசாரணைக்கு ஒதுக்கியிருந்த அறைக்கு வெர்லின் போனார். படத்தைக் கேட்டு வாங்கி, பேனா முனையால் கோட்டைக் காட்டினார். கத்ரீனா மேஸ் குனிந்து பார்த்தாள். பிறகு பூதக்கண்ணாடி எடுத்து வந்து பார்த்தாள். அதற்கடுத்து அவள் கேட்டது ஒரே கேள்வி.

“நான் இத உங்ககிட்ட காட்டின அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சுதா சார்?”

“தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லல?”

“தெரியல” என்றார். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஷெரீப் அவரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். வருத்தமாகத்தான் வாங்கினார், ஆனால் சீக்கிரமாக வாங்கினார். உள்ளே ஏதாவது சொந்தச் சாமான் இருக்கிறதா என்று கேட்டார். காபிக் கோப்பை ஒன்று இருக்கிறது, இருக்கட்டும் என்றார் வெர்லின். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஷெரீப் அந்த அரைக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், கோப்பையைத் தானே எடுத்து வந்து கொடுத்தார்.

அங்கிருந்து நேரே டாசன் வீட்டுக்கு வண்டியை விட்டார். ஆறு மைல். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குவதால் வழி நெடுக மளிகைக் கடை வாசல்களில் ஆரஞ்சுச் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. டாசன் வீட்டுக்குப் பின்னால் நின்று சமையல் வாயுத் தொட்டிக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். வேலி, தபால்பெட்டி, நாய்க்கூண்டு எல்லாம் ஏற்கெனவே புதுப் பெயிண்டில் இருந்தன. ஐந்து வாரமாக அடித்திருக்கிறான் போலும். தோள் அகலம் அப்படியே இருந்தது, சட்டைதான் தொங்கிற்று.

வெர்லின் முகவுரை எதுவும் போடவில்லை. நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். சுத்தம் செய்த நாள், வார், கோடு, படம், இன்று காலை எழுதிக் கொடுத்தது. “நாளைக்கு நீ போக வேணாம். நீ எதையும் மாத்தல. உன்மேல தப்பே இல்ல” என்று முடித்தார்.

டாசன் பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றான். பெயிண்ட் அவன் முழங்கைக்கு வழிந்தது.

“எப்ப தெரிஞ்சுது?”

“ஒம்போது நாளாச்சு.”

“ஒம்போது நாளு” என்று திரும்பச் சொன்னான். கத்தவில்லை. கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் வெர்லின் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவன் வாளியின் விளிம்பில் பிரஷ்ஷை நிதானமாக வழித்தான்.

“போன ஞாயித்துக்கெழம எனக்கு ஞாபகம் வந்துடுச்சு, வெர்லின்.”

“எது?”

“வார மாத்தினது. அத்தன வாரமா யோசிச்சு யோசிச்சு ஒண்ணுமே வரல. சர்ச்ல உக்காந்திருந்தப்ப பட்டுன்னு வந்துது. என் பிக்கப்போட பின்கதவு மேல ரெண்டு துப்பாக்கியையும் படுக்க வெச்சிருக்கேன். தூறல். ஸ்க்ரூ ஒண்ணு புல்லுல விழுந்துது. முட்டி போட்டு தேடி எடுத்தேன். ஈரமா இருந்துது. அந்த ஈரம்கூட ஞாபகம் இருக்கு.”

“நீ அத செய்யல டாசன்.”

“இப்ப சொல்றீங்க.”

“செப்டம்பர்லேந்து மழையே இல்லடா.”

“இல்லதான்” என்று ஒத்துக்கொண்டான். “ஆனா நான் பாத்தனே.”

வீட்டுக்குள்ளிருந்து குழந்தை ஏதோ தட்டும் சத்தம் வந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சத்தம் நின்றதும் மறுபடி தொட்டியைப் பார்த்தார்கள்.

“திங்கக்கெழம லவோன் வீட்டுக்குப் போனேன்” என்றான் டாசன். “வக்கீல் போகாதன்னார். கேக்கல, போனேன். அடுப்படில உக்கார வெச்சா. எல்லாம் சொன்னேன், தூறல், ஸ்க்ரூ, ஒண்ணு விடாம. என் சோம்பேறித்தனத்துக்கு, ஒரு மெத்தைக்கு ஆசப்பட்டு உன் தம்பிய கொன்னுட்டேன்னு சொன்னேன். அவ எழுந்து அடுப்ப அணச்சா. அப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சுகிட்டா. உன்ன மன்னிச்சுட்டேன்னா. வாய்க்காக இல்ல வெர்லின், நெஜமா. அவளுக்கு அது எவ்ளோ கஷ்டமா இருந்துதுன்னு மூஞ்சில தெரிஞ்சுது. கல்லத் தூக்கற மாதிரி தூக்கி குடுத்தா. அன்னிக்கு ராத்திரிதான் மொதமொதல்ல தூங்கினேன்.”

வெர்லினுக்கு அப்போதுதான் முதல் தடவையாக எங்கோ வலித்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. ஒன்பது நாளுக்கு முன்னால் வந்திருந்தால் இவன் அந்த அடுப்படியில் போய் உட்கார்ந்தே இருக்க மாட்டான்.

“நான் போய் அவகிட்ட சொல்றேன்” என்றார். “இப்பவே போறேன்.”

“சொல்லுங்க.” டாசன் பிரஷ்ஷை மறுபடி வாளிக்குள் விட்டான். “ஆனா அவகிட்ட இன்னொரு தடவைக்கு மிச்சம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இருந்தத என்கிட்ட குடுத்துட்டா. அது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது.”

தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குப் பழைய துரு இன்னும் தெரிந்தது. டாசன் மண்டியிட்டு அங்கே அடிக்கத் தொடங்கினான்.